சேமித்தவர் யார், செலவழித்தவர் யார்? எச்டி தொலைக்காட்சியின் மறைந்த கணக்கு

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு சிறிய செய்தி தொழில்நுட்பப் பக்கங்களில் வந்து போனது. எச்பி, டெல் ஆகிய இரண்டு பெரிய கணினி நிறுவனங்களும் தமது சில வணிகப் பாவனை மடிக்கணினிகளில், எச்.265 என்றும் எச்ஈவிசி என்றும் அழைக்கப்படும் காணொளி வடிவத்தை விரித்துக் காட்டும் வசதியை நிறுத்தி வைத்து விற்கின்றன என்பதே அந்தச் செய்தி. அந்த வசதி இல்லாத கணினிகள் அல்ல இவை. உள்ளே இருக்கும் சில்லில் அந்த வேலைக்கான பகுதி இருக்கிறது. வாங்குபவர் அதற்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார். ஆனால் அது பூட்டப்பட்டிருக்கிறது. தொழில்துறையினர் சொல்லும் காரணம், ஒரு கணினிக்குச் சில பத்துச் சதங்கள் வரும் காப்புரிமைக் கட்டணம்.

இது பொறியியலாளர்களின் விடயம், எமக்கென்ன என்று கடந்து போகலாம். ஆனால் கணக்குப் பார்ப்பவனுக்கு இதற்குள் ஒரு பழைய கேள்வி தெரிகிறது. கடந்த முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் படத்தைச் சுருக்கி அனுப்பும் தொழில்நுட்பம் பில்லியன் கணக்கில் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. அந்த மிச்சம் யாருடைய வரவில் எழுதப்பட்டது? அதற்கான செலவு யாருடைய பற்றில் எழுதப்பட்டது?

ஆயிரம் மெகாபிற்றைப் பத்தாக்குவது

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு முழு எச்டி படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 2,073,600 புள்ளிகள் உள்ளன. ஐரோப்பாவில் செக்கனுக்கு 25 படங்கள். கலையகத்தில் ஒரு புள்ளிக்கு 20 பிற் என்று வைத்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 1,037 மெகாபிற் தேவை. எமது வீட்டுக்கு வரும் எச்டி அலைவரிசைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் 10 மெகாபிற்றுக்கு உட்பட்ட இடம்தான். அமெரிக்காவில் முதல் தலைமுறை டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு முழுத் தடத்தின் கொள்ளளவே 19.39 மெகாபிற். ஆக, நூறு ரூபா செலவாகும் வேலையை ஒரு ரூபாவில் முடிக்க வேண்டும். அதைச் செய்யும் கருவிக்குப் பெயர் என்கோடர். வீட்டில் அதைத் திரும்ப விரிப்பது டிகோடர்.

என்கோடர் செய்வது எமக்குப் பழக்கமான கணக்கு வேலைதான். ஒவ்வொரு நாளும் முழு ஐந்தொகையையும் புதிதாக எழுதுவதில்லை. நேற்றைய மீதியை முன்கொணர்ந்து, இன்று மாறியதை மட்டும் பதிகிறோம். என்கோடரும் அப்படித்தான் ஒரு படத்தை முழுமையாக அனுப்புகிறது. பின்னர் வரும் படங்களில், "இந்தக் கட்டம் முந்திய படத்தில் அங்கே இருந்தது, இப்போது இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, மீதி வித்தியாசம் இது" என்று மட்டும் எழுதுகிறது. செய்தி வாசிப்பவரின் பின்னணி அசையாது. அதற்கு ஏறத்தாழச் செலவே இல்லை. தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் சனக்கூட்டம், தூவப்படும் பூ, மழை, கடலலை ஆகியவற்றில் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. என்கோடருக்கு அவைதான் பெருஞ்செலவு.

மீதி வித்தியாசத்தைச் சுருக்குவதற்கு உதவும் கணிதம் 1974இல் வெளியானது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமட், அவருடைய ஆய்வு மாணவர் நடராஜன், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் அதை ஆய்விதழில் எழுதினார்கள். அதற்கு முன்னர் 1972இல் அகமட் அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவகத்திடம் கேட்ட ஆய்வு நிதி கிடைக்கவில்லை. இன்று உலகில் ஓடும் டிஜிட்டல் தொலைக்காட்சி ஏறத்தாழ முழுவதும் அந்த வழிமுறையின் மீதோ, அதன் வழிவந்தவற்றின் மீதோதான் நிற்கிறது. ஒரு கட்டத்தில் உள்ள படத்தை மென்மையான மாற்றங்கள், நுண்ணிய மாற்றங்கள் என்று பிரித்துத் தருவதே அது. எமது கண் நுண்ணிய மாற்றங்களைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆகவே அவற்றை வெட்டலாம், முழுத்தொகைக்குச் சீராக்கலாம். படம் கெடுவதும் இந்த இடத்தில்தான். முழுத்தொகைக்குச் சீராக்கிய சதங்களைப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

என்கோடரின் வரவு செலவுத் திட்டம்

வெளியில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. எச்.264, எச்.265 போன்ற சர்வதேசத் தரங்கள், சுருக்கிய தரவு எந்த வடிவில் இருக்க வேண்டும், டிகோடர் அதை எப்படி விரிக்க வேண்டும் என்று மட்டுமே விதிக்கின்றன. என்கோடர் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வரி அறிக்கைப் படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதை நிரப்பும் கணக்காளரின் திறமை வேறு வேறு என்பது போன்றது இது. ஒரே தரத்தில், ஒரே பிற் அளவில், இரண்டு என்கோடர்கள் தரும் படங்கள் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு வேறுபடலாம். போட்டியும் விலையும் இங்கேதான் இருக்கின்றன.

என்கோடரை வடிவமைப்பவர் தீர்க்க வேண்டிய கேள்வி, வணிகத்துறை மாணவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் எல்லைச் செலவுக் கேள்வி. இந்தக் கட்டத்துக்கு இன்னும் ஒரு பிற் கொடுத்தால் பிழை எவ்வளவு குறையும்? அதே பிற்றை வேறொரு கட்டத்துக்குக் கொடுத்தால் இதைவிடக் கூடுதலாகக் குறையுமா? எச்.264இல் கட்டத்தின் அடிப்படை அளவு 16 பெருக்கல் 16 புள்ளிகள். எச்.265இல் அது 64 பெருக்கல் 64 வரை போகலாம், அதை எத்தனையோ விதமாகப் பிரிக்கலாம். எல்லா வழிகளையும் முயன்று பார்க்க நேரம் போதாது. எதை முயலாமல் விடுவது என்பதில்தான் வடிவமைப்பவரின் அனுபவம் இருக்கிறது.

அதற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ரிசீவருக்குள் இருக்கும் சிறிய தேக்கம் ஒரு நடைமுறைக் கணக்கைப் போன்றது. செக்கனுக்கு இத்தனை மெகாபிற் என்று வைப்பு வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு படமும் தனக்கு வேண்டியதை மீளப்பெறும். மேலதிகப்பற்று கிடையாது. மீதி தீர்ந்தால் படம் உறைந்துவிடும். ஆகவே என்கோடர் ஒரு படத்துக்குத் தாராளமாகச் செலவழித்தால் அடுத்த படங்களில் சிக்கனம் பிடிக்க வேண்டும். திரைப்படத்தைப் பதிவுசெய்து சுருக்குபவர் முழுப் படத்தையும் முதலில் ஓடவிட்டு, எங்கே செலவு கூடும் என்று பார்த்துப் பின்னர் ஒதுக்கலாம். நேரடி ஒளிபரப்பில் அந்த வசதி இல்லை. சில செக்கன்கள் முன்னே பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தச் சில செக்கன்களும் தாமதமாக வந்து சேரும். உதைபந்தாட்டத்தில் அடுத்த வீட்டார் "கோல்" என்று கத்திய பிறகு எமது திரையில் பந்து வலைக்குள் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிபிசி எச்டி: 16இலிருந்து 9.7க்கு

என்கோடர் திறமையாகும்போது இரண்டு வழிகள் திறக்கின்றன. அதே இடத்தில் நல்ல படம் கொடுக்கலாம். அல்லது அதே படத்தைக் குறைந்த இடத்தில் கொடுத்து மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். எதைத் தெரிவது என்பது பொறியியல் முடிவல்ல, நிர்வாக முடிவு.

2009 ஓகஸ்ட்டில் பிபிசி தனது எச்டி அலைவரிசையின் என்கோடர்களைப் புதியவற்றால் மாற்றியது. அதுவரை செக்கனுக்கு 16 மெகாபிற்றாக இருந்த அளவு 9.7 ஆகக் குறைந்தது. புதிய என்கோடர்கள் கூடுதல் திறமையானவை, ஆகவே தரம் குறையவில்லை என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. படம் மங்கிவிட்டது என்று முறைப்பாடுகள் குவிந்தன. யார் சொன்னது சரி என்பதை விட, அந்தச் சர்ச்சை காட்டிய உண்மை முக்கியமானது. தரத்தின் எல்லைக்கோட்டை வரைபவர் பார்வையாளர் அல்லர்.

இன்று பல ஒளிபரப்புகளில் அலைவரிசைகள் தனித்தனி ஒதுக்கீட்டில்கூட இயங்குவதில்லை. ஐந்தாறு அலைவரிசைகளுக்கு ஒரு பொது முதல் வைத்து, அந்தக் கணத்தில் யாருக்குத் தேவை கூடவோ அவருக்குக் கூட்டிக் கொடுக்கிறார்கள். இது நல்ல முறைதான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் உதைபந்தாட்டம் ஓடினால் பொது முதல் இறுக்கமாகும்.

மிச்சம் போன இடம்

இனிப் பெரிய தொகைக்கு வருவோம். படத்தைக் கூடுதலாகச் சுருக்க முடிந்தால், அதே அலைவரிசைகளைக் குறைந்த அலைக்கற்றையில் அடக்கலாம். மிச்சமான அலைக்கற்றையைக் கைத்தொலைபேசி நிறுவனங்களுக்கு விற்கலாம். நடந்ததும் அதுவே.

2015 ஜூனில் ஜேர்மனி 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியையும் வேறு சில பகுதிகளையும் ஏலம் விட்டுப் 5.08 பில்லியன் யூரோ பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் பிரான்ஸ் தனது 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியை ஏறத்தாழ 2.8 பில்லியன் யூரோவுக்கு விற்றது. இந்த 700 பகுதி அதுவரை தொலைக்காட்சியின் கையில் இருந்தது. அதை விடுவிப்பதற்காக, 2016 ஏப்ரல் 5இல் பிரான்ஸ் பழைய எம்பெக்-2 முறையை நிறுத்தித் தரைவழி ஒளிபரப்பு முழுவதையும் புதிய முறைக்கு மாற்றியது. 2017 மார்ச் 29இல் ஜேர்மனி தனது நகரப்பகுதிகளில் நேரே எச்.265க்குத் தாவியது.

இப்போது மறுபக்கப் பதிவைப் பாருங்கள். பழைய டிகோடரால் புதிய முறையை விரிக்க முடியாது. அன்ரனாவில் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில், வேலை செய்துகொண்டிருந்த பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின. புதிய பெட்டியை வாங்கும் செலவு குடும்பத்துக்கு. ஜேர்மனியில் அதற்கு மேல், அதுவரை இலவசமாக வந்த பெரிய தனியார் அலைவரிசைகளை எச்டியில் பார்க்க வருடத்துக்கு 69 யூரோ கட்டணமும் வந்தது. பிரான்ஸ் அரசு, தொலைக்காட்சிக் கட்டண விலக்குப் பெற்றிருந்த, அன்ரனாவை மட்டுமே நம்பியிருந்த வீடுகளுக்கு 25 யூரோ உதவி கொடுத்தது. பில்லியன்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய எண் அது.

படம் தெளிவானது, கூடுதல் அலைவரிசைகள் எச்டியில் கிடைத்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தாவல் முடிந்துபோன கதையும் அல்ல. 2025 ஜனவரி 7இல் ஜேர்மனியின் ஏஆர்டி, செய்மதி வழியாக அனுப்பிய பழைய சாதாரணத் தர ஒளிபரப்பை நிறுத்தியது. ஏஆர்டிக்குச் செய்மதி வாடகை மிச்சம். பழைய ரிசீவர் வைத்திருந்த முதியவருக்குப் புதியது வாங்கும் செலவு. பிரேசில் தனது அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கு, 2020இல் வெளியான எச்.266ஐத் தெரிந்திருக்கிறது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை புதிய தரம், அரைவாசி இடம், புதிய பெட்டி என்பதே இத்தொழிலின் சுழற்சி.

சில சதங்களின் சண்டை

மூன்றாவது பங்காளி காப்புரிமை வைத்திருப்பவர்கள். எம்பெக்-2 காலத்தில் இது ஒழுங்காக இருந்தது. உரிமையாளர்கள் ஒரு கூட்டுச் சேர்ந்து, ஒரே இடத்தில், டிகோடர் ஒன்றுக்கு 2.50 டொலர் என்று வாங்கினார்கள். 2003இல் வந்த எச்.264க்கு, முதல் 100,000 கருவிகள் கழிய, ஒன்றுக்கு 20 அமெரிக்க சதமும், பெரும் எண்ணிக்கையில் 10 சதமும். கட்டணம் இறங்கியது, பாவனை பரவியது.

2013இல் எச்.265 வந்தபோது கூட்டு உடைந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டுகள் தனித்தனியாகக் கட்டணம் கேட்டன. எந்தக் கூட்டிலும் சேராதவர்களும் இருந்தார்கள். 2015 ஜூலையில் ஒரு கூட்டு, கருவிக்கு 1.50 டொலர் வரையும், அதற்கு மேல் காணொளி வழங்குவோரின் வருமானத்தில் 0.5 வீதமும் கேட்டது. எதிர்ப்பு வந்ததால் பின்னர் தளர்த்தினார்கள். ஆனால் நம்பிக்கை போய்விட்டது. 2015 செப்டெம்பரிலேயே கூகுள், அமேசன், நெற்ஃபிளிக்ஸ், மைக்ரோசொஃப்ட், மொசில்லா, சிஸ்கோ, இன்ரெல் ஆகியன சேர்ந்து, கட்டணமில்லாத மாற்று முறை ஒன்றை உருவாக்கக் கூட்டணி அமைத்தன. அதன் விளைவுதான் 2018இல் வெளியான ஏவி1. எம்பெக் குழுவை 1988இல் தொடங்கியவர்களில் ஒருவரான லியனார்டோ கியாரிக்லியோனே, எம்பெக்கின் வணிக முறையே உடைந்துவிட்டது என்று 2018 ஜனவரியில் வெளிப்படையாக எழுதினார்.

ஏவி1 உண்மையிலேயே இலவசமா என்பதிலும் சர்ச்சை உண்டு. சிஸ்வெல் என்ற நிறுவனம் அதற்கும் காப்புரிமைக் கூட்டு அமைத்து, திரையுள்ள கருவி ஒன்றுக்கு 0.32 யூரோ கேட்டது. ஒரு தொழிலுக்குப் பெரிய கட்டணம் ஒரு பிரச்சினை. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று தெரியாத கட்டணம் அதைவிடப் பெரிய பிரச்சினை. கணக்கியலில் இதை நிகழத்தக்க பொறுப்பு என்போம். நிச்சயமற்ற பொறுப்பைக் கண்டால் நிறுவனங்கள் எளிய வழியைத் தேடும். வசதியைப் பூட்டிவிட்டு விற்பதும் அந்த வழிகளில் ஒன்று. மடிக்கணினிச் செய்தியின் வேர் இங்கே இருக்கிறது.

எமது பக்கக் கணக்கு

சிறிய மொழிச் சமூகங்களுக்கு இதில் ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. செய்மதியில் ஒரு அலைவரிசை நடத்துபவர் இடத்துக்கு வாடகை கட்டுகிறார். பெரிய நிறுவனத்துக்குப் பொது முதலும் விலைகூடிய என்கோடரும் உண்டு. சந்தாவிலும் விளம்பரத்திலும் நாளைத் தள்ளும் புலம்பெயர் தொலைக்காட்சிக்கு மலிவான என்கோடரும் குறைந்த மெகாபிற்றும்தான் கட்டுப்படியாகும். திறமை குறைந்த என்கோடருக்கு அதே தரத்துக்குக் கூடுதல் இடம் வேண்டும். ஆக, வசதி குறைந்தவர் ஒவ்வொரு மெகாபிற்றிலும் குறைந்த பயனைப் பெறுகிறார்.

இணையத்துக்கு மாறினால் வாடகை இல்லை. ஆனால் என்கோடரும் எமது கையில் இல்லை. யூரியூப்பில் ஏற்றும் காணொளி அங்கே மீண்டும் சுருக்கப்படுகிறது. கூகுள் பொறியாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதைத் தெளிவாகவே சொல்கிறது: அதிகம் பார்க்கப்படும் காணொளிகளுக்குக் கூடுதல் கணினி உழைப்பைச் செலவழித்து நன்றாகச் சுருக்குவது இலாபம், குறைவாகப் பார்க்கப்படுபவற்றுக்குச் செலவைக் குறைப்பதே இலாபம். வணிக ரீதியில் குறை சொல்ல முடியாத தீர்மானம். ஆனால் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலும், நாடக மேடையும், மூத்த ஒருவரின் நேர்காணலும் விழுவது அந்த இரண்டாவது வகையில்தான்.

இதில் பாரதூரமானது ஒன்று உண்டு. வீட்டையும் அல்பத்தையும் விட்டுவிட்டு வந்த பல குடும்பங்களுக்கு, ஒரு சில ஒளிநாடாக்கள்தான் எஞ்சிய சொத்து. அவற்றை டிஜிட்டலாக்கி, வட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கி, மீண்டும் எங்கோ ஏற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு என்கோடர் "இது கண்ணுக்குத் தெரியாது" என்று எதையோ வெட்டுகிறது. வெட்டியது திரும்பாது. பின்னால் நிற்கும் ஒருவரின் முகம், சுவரில் எழுதியிருந்த பெயர் ஆகியவை என்கோடரின் கணக்கில் நுண்ணிய மாற்றங்கள் மட்டுமே. சாட்சியமாகக்கூடிய காணொளிகளுக்கு இது இன்னும் பாரதூரமானது, ஏனெனில் பகிரும் செயலிகள் பல, எடுத்த நேரம், இடம் போன்ற விபரங்களையும் நீக்கிவிடுகின்றன.

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

குடும்பங்களுக்கு: தொலைக்காட்சியோ கணினியோ வாங்கும்போது திரையின் அளவை மட்டும் பார்க்காமல், எச்.265, ஏவி1 இரண்டையும் விரிக்குமா என்று கேளுங்கள். பெற்றோரின் வீட்டில் இருக்கும் ரிசீவர் பழைய முறையில் மட்டும் இயங்குவதாயின், அதை நிறுத்தும் நாளுக்கு முன் மாற்றிவிடுங்கள். ஒளிநாடாவை டிஜிட்டலாக்கும்போது கிடைக்கும் முதற்பிரதியைச் சுருக்காமல் இரண்டு வன்தட்டுகளில் வைத்திருங்கள். பகிர்வதற்கு வேறு பிரதி எடுங்கள்.

எமது ஊடகங்களுக்கு: நல்ல என்கோடர் என்றால் விலைகூடிய பெட்டிதான் என்றில்லை. தன்னார்வலர்கள் உருவாக்கிய எக்ஸ்264, சென்னைப் பொறியாளர்களின் பெரும் பங்களிப்போடு உருவான எக்ஸ்265 ஆகிய இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். காப்புரிமைக் கேள்வி வேறு, ஆனால் மென்பொருளுக்கு விலையில்லை. பதிவுசெய்த நிகழ்ச்சிகளை அவசரமின்றி, இரண்டு சுற்றில் சுருக்கினால், அதே இடத்தில் நல்ல படம் கிடைக்கும்.

எமது வாக்கைக் கேட்பவர்களிடம்: அடுத்த மாற்றம் வரும்போது அலைக்கற்றை விற்பனையில் எவ்வளவு வரும், அதில் எவ்வளவு குறைந்த வருமானமுள்ள வீடுகளின் கருவிச் செலவுக்குத் திரும்பும் என்ற இரண்டு எண்களையும் ஒரே தாளில் கேளுங்கள். இதுவரை ஒன்று நிதியமைச்சின் அறிக்கையிலும் மற்றது எமது வீட்டுப் பற்றுச்சீட்டிலும் இருந்து வந்திருக்கிறது. அதனால்தான் அந்த வித்தியாசம் யாருடைய கண்ணிலும் படவில்லை.